நாலு புகைபோக்கி எம்டன்: ஆண்டர்சன் தெரு பக்கம் ஒரு பிரிண்ட் கடை அனுபவம்

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இதில் திட்டும் இருக்கிறது, பாராட்டும் இருக்கிறது, படித்துவிட்டு அந்தப் பையன் நேராக என் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான், எனக்கு அவனிடம் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அடையாளம் மட்டும் சொல்கிறேன். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் ஒரு மாடிப்படி வரும், அந்தப் படிக்குக் கீழே ஒரு பெரிய பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் கடை. ஃபிரேம் போடுவது பையனின் பெரியப்பா, நாலு எட்டு தள்ளி. அங்கே சாமி படங்களுக்கும் போய்ச் சேர்ந்த தாத்தாக்களுக்கும் நடுவில் நாம் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு.

நான் கொடுத்த வேலை இரண்டு போஸ்டர். இரண்டும் ஜெர்மன், இரண்டும் முதல் உலகப் போர் காலத்தவை, இரண்டும் கடல் சண்டை. ஒன்று ஹான்ஸ் ரூடி எர்ட் 1917 வாக்கில் வரைந்தது, கிராஃபிக் டிசைன் படித்தவர்கள் கட்டாயம் பார்த்திருப்பார்கள்: பிரம்மாண்டமான 'யூ' எழுத்து (ஜெர்மன் நீர்மூழ்கிக்கு 'யூ-போட்' என்று பெயர்), அதற்குள்ளே பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும் நீர்மூழ்கி அதிகாரி, பின்னால் தூரத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு கப்பல். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்திலேயே பெரிய ஃபைலாகக் கிடைக்கிறது. இதைப் புத்தக விளம்பரம் என்று போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள், நம்ப வேண்டாம், அது சினிமா விளம்பரம். இன்னொன்றுதான் உண்மையான புத்தக விளம்பரம். ஜெர்மனியில் இருக்கும் நண்பன் பழைய சாமான் சந்தையில் வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்பியது, புத்தகக் கடையின் ஷோகேஸில் மாட்டும் அளவில் ஒரு சின்ன போஸ்டர். ராத்திரிக் கடல், கருப்பாக ஒரு போர்க்கப்பல், மூன்று புகைபோக்கி, பின்னால் ஆரஞ்சு நிறத்தில் வானம். கீழே ஒரு பட்டி, அதில் கடல் போர்ப் புத்தகங்கள் என்ற தலைப்பு, ஒவ்வொன்றும் 1 மார்க் (ஜெர்மன்காரர்களின் அன்றைய பணம்) என்ற விலை. ஓவியரின் கையெழுத்து மடிப்பில் மாட்டிக்கொண்டு படிக்கும் நிலையில் இல்லை.

கப்பலின் பெயர் அந்தப் படத்தில் எங்கேயும் கிடையாது. ஆனால் மூன்று புகைபோக்கி, கருப்புக் கப்பல், ஆரஞ்சு வானம் என்று பார்த்தவுடன் ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு வேறு எது ஞாபகம் வரும்? எங்கள் ஆயா என்னைத் திட்டும்போதெல்லாம் "சரியான எம்டன்டா நீ" என்பாள். பக்கத்து வீட்டு முருங்கைக்காயைத் திருடினாலும் எம்டன், பரீட்சையில் பிட் வைத்து மாட்டாமல் வந்தாலும் எம்டன். திட்டா பாராட்டா என்று அவளுக்கே தெரியாது. அது ஒரு கப்பலின் பெயர் என்பது பத்தாவது படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் குரூசர், அதாவது வேகமாக ஓடும் போர்க்கப்பல், மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்றது, தேடுவிளக்கைப் போட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் குறிபார்த்துச் சுட்டது. நூறு குண்டுக்கு மேல். டாங்குகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலும் அடிபட்டது, ஐந்து பேராவது செத்தார்கள், கரையிலிருந்து பீரங்கிகள் பதில் சொல்ல ஆரம்பித்தபோது எம்டன் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஊரே காலி. எங்கள் ஆயாவின் அம்மா மாட்டு வண்டியில் செங்குன்றம் பக்கம் போய் இரண்டு வாரம் உறவுக்காரர் வீட்டில் இருந்தாளாம், திரும்பி வந்தால் கோழியெல்லாம் காணோமாம், அந்தக் கோழிக் கணக்கையும் எம்டன் தலையில்தான் எழுதினார்கள். ஹைகோர்ட் மதில் சுவரில் இன்றைக்கும் ஒரு கல்வெட்டு இருக்கிறது, போகிற போக்கில் பார்க்கலாம், பெரும்பாலும் அதன் முன்னால் யாராவது பைக் நிறுத்தியிருப்பார்கள். (சுதந்திரப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. கமெண்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம்.)

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் இதே சமாச்சாரம் புத்தகமாகிவிட்டது. எம்டனின் துணைக் கேப்டன் ஹெல்முத் ஃபான் மூக்கே. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் தந்திக் கம்பத்தை வெட்டுவதற்காக இவரையும் ஐம்பது பேரையும் கரையில் இறக்கிவிட்ட நேரம் பார்த்து ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து எம்டனை அடித்து நொறுக்கிவிட்டது. கரையில் இருந்தவர்கள் அங்கே கிடந்த ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பி, சுமத்ரா, அரேபியா என்று சுற்றி 1915-இல் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். அதே வருஷம் மூக்கே இரண்டு புத்தகம் எழுதி பெர்லினில் ஷெர்ல் என்ற பதிப்பகம் போட்டுவிட்டது. ஊர் திரும்பிய சூடு ஆறுவதற்குள்! அதற்குப் போட்டியாக உல்ஷ்டைன் பதிப்பகம் 1 மார்க்குக்குப் போர்ப் புத்தகங்களாக இறக்கியது. 1916-இல் டாய்ச்லாந்து என்ற சரக்கு நீர்மூழ்கி பிரிட்டிஷ் முற்றுகைக்கு அடியில் அட்லாண்டிக்கைத் தாண்டி பால்டிமோருக்குச் சாயப் பொருள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ரப்பரும் நிக்கலும் தகரமும் ஏற்றிக்கொண்டு திரும்பியது, அதன் கேப்டன் பெயரிலும் அந்த வருஷமே ஒரு புத்தகம். நான் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் குப்பை கொட்டுபவன், எனக்கு அந்தச் சரக்குப் பட்டியலைப் படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்கு யார் பேப்பர் போட்டிருப்பான்?

இங்கேதான் போஸ்டரின் வேலை வருகிறது. கடை வாசலில் போகிறவனுக்கு 1 மார்க் எடுத்து நீட்டுவதற்கு ஒரு நொடிதான் யோசனை, அந்த நொடியைப் பிடிக்க வேண்டும். பெர்லினில் கண்ட சுவரில் ஒட்டுவதைத் தடுக்கவே 1855-இல் லிட்ஃபாஸ் என்பவர் தெருமுனைகளில் விளம்பரத் தூண்களை நிறுத்தியிருந்தார். நம் பேசின் பிரிட்ஜ் சுவரில் "நோட்டீஸ் ஒட்டாதே" என்ற எழுத்தின் மேலேயே ஒட்டுகிற மாதிரி அங்கே முடியாது. தூணில் உனக்குக் கிடைப்பது ஒரு சதுரம், பக்கத்தில் சோப்பும் சிகரெட்டும் நாடகமும். அதனால் அந்த ஊர் ஓவியர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: ஒரு பொருள், ஒரு பெயர், தட்டையான நாலைந்து வண்ணம், மற்றதெல்லாம் கட். லூசியன் பெர்ன்ஹார்ட் என்ற இளைஞன் தீப்பெட்டி விளம்பரப் போட்டி ஒன்றுக்கு மேசை, சுருட்டு, நடனப் பெண்கள் என்று வரைந்துவிட்டு, ஒவ்வொன்றாக அழித்து, கடைசியில் இரண்டு தீக்குச்சியையும் கம்பெனி பெயரையும் மட்டும் விட்டு அனுப்பினான், குப்பைக்கூடைக்குப் போனதை ஒருவர் எடுத்துப் பரிசு கொடுக்க வைத்தார் என்று கதை சொல்வார்கள். யூ போஸ்டர் வரைந்த எர்ட்டும் அதே பெர்லின் பட்டறைதான், 1883-இல் பிறந்தவன்.

நம் ஊர் அரசியல் போஸ்டரில் நாற்பது தலை இருக்கும், வட்டச் செயலாளர் முகம் தலைவர் முகத்தை விடப் பெரிதாக இருக்கும், அதற்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கிட்டத்தட்ட இந்த ஜெர்மன் வழிதான். ஒரு முகம், ஒரு பெயர், ஒரு தேதி, இரண்டு வண்ணம். பஸ்ஸில் போகிறபோதே விஷயம் புரிந்துவிடும்.

சரி, கடைக்கு வருகிறேன்.

முதல் தடவை பென் டிரைவைக் கொடுத்துவிட்டு 18க்கு 24 இன்ச், மேட் பேப்பர் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் போனால் பையன் சிரித்த முகமாகச் சுருளைப் பிரித்தான். பார்த்ததும் எனக்கு நாக்கு உள்ளே போய்விட்டது. யூ போஸ்டரில் பிரச்சினை இல்லை. கப்பல் போஸ்டரில் கீழ்ப் பட்டியே இல்லை.

"தம்பி, கீழே எழுத்து இருந்ததே?"

"அதுவாண்ணே, சைஸ் வரல. என்னமோ பாஷைல ரேட்டு போட்டிருந்துது, யாருக்குண்ணே புரியப் போவுது? கிராப் பண்ணிட்டேன். இப்ப பாருங்க, கப்பல் எவ்ளோ பெருசா தெரியுது!"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, கப்பல் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் பட்டியை வெட்டியதும் அது விளம்பரமாக இல்லாமல் வெறும் கப்பல் படமாகிவிட்டது, பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் மாட்டுவார்களே, அந்த மாதிரி. மேலே இவ்வளவு ராத்திரி, இவ்வளவு நெருப்பு, கண் அப்படியே சரிந்து கீழே வந்தால் "1 மார்க்" என்று கொட்டை எழுத்தில் நிற்கும், அந்த இறக்கத்துக்காகத்தான் மேலே இருப்பது எல்லாமே வரையப்பட்டிருக்கிறது. போரை ஒரு மார்க்குக்குக் கொடுக்கிறான். எனக்கு அந்தப் படம் பிடித்ததும் அதனால்தான், அதைப் பார்க்க வயிற்றைக் கலக்குவதும் அதனால்தான். எரிகிற டாங்கில்லை, செத்த ஆளில்லை, செங்குன்றத்துக்கு ஓடிய மாட்டு வண்டியில்லை. நிழலாக ஒரு கப்பலும் அழகான வானமும் விலையும் மட்டும். அதிலும் ஒரு வேடிக்கை, மூக்கேயின் புத்தகம் 1915-இல் கடைக்கு வரும்போது நிஜக் கப்பல் நார்த் கீலிங் தீவின் பாறையில் ஓட்டை உடைசலாகக் கிடக்கிறது, அதன் ஆட்களில் 130 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். இல்லாத கப்பலுக்குத்தான் அந்த விளம்பரமெல்லாம்.

இதையெல்லாம் பையனிடம் சொல்ல முடியுமா. "பட்டி வேணும்பா, அதுதான் முக்கியம்" என்றேன். தலையைச் சொறிந்தான்.

இரண்டாவது தப்பு வண்ணம். ஒரிஜினல் காகிதம் நூறு வருஷத்தில் பழுத்து வெண்டைக்காய்ப் பூ நிறத்துக்கு வந்திருந்தது. இவன் அதை "ஆட்டோ" போட்டுப் பளீர் வெள்ளையாக்கி, ஆரஞ்சு வானத்தைப் பட்டாசுப் பெட்டி லேபிள் மாதிரி ஏற்றிவிட்டான். அந்தக் காலத்துப் போஸ்டர்கள் கல் அச்சில் வந்தவை, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதில் இருக்கும் அநியாயம் புரியும். 1796-இல் பவேரியாவில் செனெஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்தது, வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். நாலு வண்ணம் என்றால் நாலு கல், ஒரே தாள் நாலு தடவை மிஷினுக்குள் போய் வர வேண்டும். அந்த ஆரஞ்சு புள்ளிப் புள்ளியாகச் சேர்ந்த ஆரஞ்சு இல்லை, மையாகவே ஆரஞ்சாகக் குழைத்து மொத்தமாக அப்பியது. அதனால் அதில் ஒரு மொத்தத்தனம் இருக்கும், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. இது நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. ரவிவர்மாவின் அச்சகத்துக்கு வந்த மிஷினும் ஜெர்மன்தான், அதைப் பின்னால் வாங்கி நடத்திய ஷ்லைஷரும் ஜெர்மன்காரர்தான், நம் பூஜை அறை லட்சுமியும் சரஸ்வதியும் அந்தக் கல் வழியாக வந்தவர்கள்தான். பெரியப்பா கடையில் ஒரு பழைய லட்சுமி படம் தொங்குகிறது, அதைக் கழற்றிக்கொண்டு வந்து பையனின் பளீர் பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "பாரு, இந்தச் சிவப்பு எப்படி உட்காந்திருக்கு, உன்னுது எப்படிக் கத்துது." பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "மங்கலா வேணும்ங்கறாருடா" என்று மொழிபெயர்த்தார். மங்கல் இல்லை, ஆனால் விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது. கப்பலில் நாலு புகைபோக்கி.

முதலில் என் கண் மேல்தான் சந்தேகம். எண்ணினேன், நாலு. மொபைலில் இருந்த ஃபைலைத் திறந்து எண்ணினேன், மூன்று. ஸ்கேன் சின்னது, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக வரும் என்று பையன் அதை ஏதோ ஏஐ சாஃப்ட்வேரில் ஓட்டியிருக்கிறான். பின்பக்கம் சாய்ந்த ஒரு புகைச் சுருளை அது புகைபோக்கி என்று எடுத்துக்கொண்டு, சுத்தமாக ஓரம் கட்டி, வளையம் போட்டு, பக்கத்தில் இருப்பதைப் போலவே நிறுத்திவிட்டது. கடையில் நின்று நான் சிரித்த சிரிப்பில் பத்திரிகை அடிக்க வந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

ஏனென்றால் நிஜ எம்டனும் இதைத்தான் செய்தது. அந்த வட்டாரத்தில் சுற்றிய பிரிட்டிஷ் குரூசர்களுக்கு நாலு புகைபோக்கி, எம்டனுக்கு மூன்று. அதனால் கேப்டன் ஃபான் முல்லர் மரமும் துணியும் வைத்து நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து வைத்துக்கொண்டார், தூரத்திலிருந்து பார்த்தால் யார்மத் என்ற பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியும். 1914 அக்டோபர் 28 விடியற்காலை பினாங்கு துறைமுகத்துக்குள் அப்படித்தான் சாதுவாக நுழைந்து ஜெம்சுக் என்ற ரஷ்யக் குரூசரை மூழ்கடித்தது, வெளியே வரும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலையும். எங்கள் ஆயா சொன்ன எம்டன் இதுதான். நூறு வருஷம் கழித்து ஆண்டர்சன் தெருவில் ஒரு மிஷின் தன்னால் அதே பொய்யைச் சொல்கிறது.

பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான். "அப்ப நான் போட்டது கரெக்ட்டுதானேண்ணே?" என்றான். இந்தப் பயலை என்ன செய்வது?

மறுபடி அடிக்கக் காசு கேட்கவில்லை, இது முதல் பாராட்டு. இரண்டாவது பாராட்டு, கூட உட்கார விட்டான். ஏஐ எல்லாம் இல்லாமல், நண்பனிடம் இன்னொரு பெரிய ஸ்கேன் வாங்கி, காகிதத்தின் பழுப்பையும் ஒரு வண்ணமாகவே வைத்து, வானத்தைக் கொஞ்சம் இறக்கினோம். கருப்புதான் தகராறு. மிஷின் கருப்பு தனியாக வந்தால் சிலேட்டு மாதிரி சாம்பல் தட்டுகிறது, கப்பல் முழுக்கக் கருப்பு என்பதால் அது செத்துப்போனால் படமே செத்தது. அவனே யோசித்து, கருப்புக்கு அடியில் கொஞ்சம் நீலம் ஏற்றி ஒரு சின்னத் துண்டு அடித்துக் காட்டினான். அருமை. ராத்திரிக் கடல் கருப்பு, காசிமேட்டில் விடியற்காலை மூன்றரைக்கு லாஞ்சு விளக்கு எட்டாத இடத்தில் தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படி. 300 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனம்) மேட் பேப்பர், விரலால் தடவினால் லேசாகச் சொரசொரப்பு. லேமினேஷன் வேண்டாம் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, நீங்களும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கை தானாகப் போய்ப் போட்டுவிடும்.

யூ போஸ்டரைப் பற்றி இரண்டு வரி. அது எதைச் செய்தாலும் தாங்கும். எழுத்தே படம், படமே எழுத்து, ரேஷன் கார்டு சைஸில் அடித்தாலும் நிற்கும். கிட்டத்தில் பார்த்தால் அந்த அதிகாரியின் முகத்தில் கோபமோ வீரமோ எதுவும் இல்லை, வேலை பார்க்கிறான், அவ்வளவுதான். மூழ்குகிற கப்பல் பின்னால் சின்னதாக. அந்த அலட்சியம்தான் பயமுறுத்துகிறது.

ஃபிரேம். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். நாங்கள் இருப்பது கல்மண்டபம் பக்கம், உப்புக் காற்றில் கதவுக் கீலே மூன்று வருஷத்தில் பூத்துவிடும். பெரியப்பா முதலில் கண்ணாடியைப் படத்தின் மேல் நேராக வைத்து அழுத்தப் பார்த்தார். வேண்டாம். ஐப்பசி மழையில் ஈரம் இறங்கினால் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் பாதி வானம் கண்ணாடியோடு வரும், எங்கள் அப்பாவின் கல்யாண போட்டோ அப்படித்தான் போனது. சுற்றி மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விடச் சொன்னேன். அவருக்கே தெரியும், யாரும் கேட்பதில்லை என்பதால் செய்வதில்லையாம். பின்பக்கம் ஹார்ட்போர்டு, ஓரம் முழுக்க பிரவுன் டேப், ஆணிக்குப் பதில் பித்தளைக் கொக்கி. கருப்பு மர மோல்டிங் ஒரு இன்ச். தங்கப் பூ வேலை போட்டதைத்தான் முதலில் நீட்டினார், "கப்பலுக்கு எடுப்பா இருக்கும்" என்று. வேண்டாம் பெரியப்பா. வேலை சுத்தம், நாலு மூலையும் சேரும் இடத்தில் நகம் நுழையாது, நாற்பத்தைந்து டிகிரி வெட்டு அவர் கைக்குப் பழகிப்போன விஷயம்.

காசு: பிரிண்ட் ஒன்று 280, ஃபிரேம் ஒன்று 1,150, ஜிபே உண்டு, பில் கேட்டால்தான். இரண்டு நாள் என்றார்கள், ஆறு நாள் ஆனது, முகூர்த்த சீசனில் போகாதீர்கள், நம் வேலை பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் போய்விடும். வண்டி நிறுத்த இடம் கிடையாது. மெட்ரோவில் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம், அப்படியே அந்தக் கல்வெட்டையும் பார்க்கலாம்.

ஆபீஸில் மாட்டியதும் முதலாளி கேட்ட கேள்வி நியாயமானது. "நம்ம ஊர் மேல குண்டு போட்டவனை நம்ம சுவர்லயே மாட்டறியாப்பா?" அவருக்கு நான் சொன்னது, மாட்டியிருப்பது குண்டு போட்டவனை இல்லை சார், அதை வைத்துப் புத்தகம் விற்றவனை. அவர் விலைப் பட்டியைக் கிட்டே போய்ப் படித்துவிட்டு, "1 மார்க் அப்ப நம்ம காசுக்கு எவ்ளோ?" என்று கேட்டார். கிளியரிங் ஆபீஸ் முதலாளி வேறு என்ன கேட்பார்.

இந்த மாதிரி போஸ்டர்கள் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்லி வைக்கிறேன், ஹான்ஸ் சாக்ஸ். பெர்லினில் பல் டாக்டர். போஸ்டர் பைத்தியம், அதற்கென்றே பத்திரிகை நடத்தினார், 12,500 போஸ்டர் சேர்த்தார். யூதர் என்பதால் 1938-இல் நாஜிகள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள், அவர் அமெரிக்காவுக்குத் தப்பினார். மிச்சம் இருந்த நாலாயிரத்துச் சொச்சத்தை மகனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2012-இல்தான். தேசத்துக்காகப் படம் வரைந்த காகிதத்தைத் தூசி தட்டிப் பாதுகாத்தவருக்கு தேசம் செய்த மரியாதை. எம்டனில் தப்பிய மாலுமிகளுக்கோ குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்ததாம். எனக்கு அதை ஆயா சும்மாவே கொடுத்துவிட்டாள்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது பட்டியை வெட்டியதற்காக. புகைபோக்கிக்காகக் குறைக்கவில்லை.

அந்த நாலு புகைபோக்கிப் பிரதியை வேண்டாம் என்று கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். போன வாரம் விசிட்டிங் கார்டு வாங்கப் போனேன். மாடிப்படிக்குக் கீழே, கம்ப்யூட்டருக்கு மேலே, சாம்பிள் என்று எழுதி அதை ஒட்டி வைத்திருக்கிறான். கீழே பட்டி வெட்டிய இடத்தில் ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில் ரூ. 350.